ஒரு சாண் குறைந்த கிளச் கேபிள்

1

கிளச் கேபிளின் இழைகளில் ஒன்றேனும் அறுந்து காணப்பட்டால் முழுக் கேபிளையும் தாமதமின்றி மாற்றவேண்டும். அதுவரை வாகனத்தைச் செலுத்தலாகாது. அக்காவின் காரோடு வந்த கையேடு அப்படித்தான் சொல்கிறது. நாற்பது வயது தாண்டிய யப்பான் கார் அது. கையேட்டுக்கும் அதே வயது, ஆனால் அது கசங்காமல் இருக்கிறது. அக்கா அதற்குப் பழுப்புக் கடதாசியில் உறை போட்டு, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல் பெயரும் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த விதியின் முற்பகுதியை அவர் போன ஆவணியில் வாசித்தார். பிற்பகுதியை வாசிக்கவில்லை. அல்லது வாசித்துவிட்டு, தன் கணக்குக்கு வேண்டாத தரவு என்று ஒதுக்கியிருக்கலாம். எனக்கு ஒரு படம் அனுப்பினார். பிய்ந்துபோன கேபிள், பக்கத்தில் ஓர் அடிமட்டம். கீழே எழுதியிருந்தது: பத்தொன்பது இழையில் ஏழு அறுந்துவிட்டது, கிழமைக்கு ஒன்று வீதம் போகிறது, ஐப்பசி முடிய முன்னர் புதுக் கேபிளோடு வரவும்.

அக்கா பூரணம், வயது எழுபத்திநான்கு. நெல்லியடியில் நீண்டகாலம் கணிதம் படிப்பித்தவர். அத்தான் போனபின் சுன்னாகத்துக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் பழைய வீட்டில் தனியே இருக்கிறார். மகன் கண்ணன் ரொறன்ரோவில். நான் நோர்வேயின் மேற்குக் கரையில், வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஒரு சிறு நகரத்தில், முப்பத்தாறு வருடமாக. அதில் கடைசி இருபத்திரண்டு வருடம் நகரசபையில் ஒரு மேசை. தவறான இடத்தில் வாகனம் நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள் எழுதும் மேன்முறையீடுகளை வாசித்து, ஏற்கலாமா கூடாதா என்று எழுதுவது வேலை. பெரும்பாலும் கூடாது என்றே எழுதினேன். அறிவிப்புப் பலகையைப் பனி மூடியிருந்தது, மனைவிக்குப் பிரசவவலி, நான் ஊருக்குப் புதிது; எல்லாக் காரணமும் எனக்கு இலக்கத்தோடு பாடம். இதை இங்கே சொல்வது பெருமைக்கு அல்ல. பின்னால் வருவது விளங்கவேண்டுமே என்பதற்காக.

2

கேபிள் வாங்குவது எளிதான காரியமாகத் தெரிந்தது. அந்த மாதிரிக் கார் ஒருகாலத்தில் நோர்வேயிலும் ஓடியது. இப்போது அதை வைத்துப் பேணுகிற சில வயோதிபர்களும், அவர்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற ஒரு கடையும் உண்டு. கடைக்கு ஃபோன் எடுத்து, கிளச் கேபிளுக்கான நோர்வேஜியச் சொல்லைச் சரியாகச் சொன்னேன். கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். முப்பத்தாறு வருடமாக இது நடக்கிறது. நான் அவர்கள் மொழியில் கேட்பேன், அவர்கள் என்மேல் இரக்கப்பட்டு வேறொரு மொழியில் பதில் தருவார்கள். இணையத்தில் படிவம் இருக்கிறது, நிரப்புங்கள் என்றார்.

படிவம் நிரப்புவதில் எனக்கு ஒரு சந்தோசம் உண்டு. என் மகள் மீரா, ஓர் இஞ்சினியர், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவாள். அன்று அவள் பக்கத்தில் இருந்தாள். வருடம், மாதிரி, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், கதவுகளின் எண்ணிக்கை. ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. செசி இலக்கம் பார்க்க அக்கா அனுப்பிய படங்களைத் திறந்தபோது, அக்கா சாரதி ஆசனத்தில் இருக்கும் படமும் வந்தது. மீரா பார்த்துவிட்டு, அப்பா, படம் இடம் வலம் மாறியிருக்கிறது, திருப்பிவிடுங்கள் என்றாள். அவள் ஊருக்கு இரண்டுதரம் வந்தவள்தான். இரண்டு தரமும் வாடகை வானின் பின் ஆசனத்தில் நித்திரை.

நான் திருப்பவில்லை. இலக்கத்தகட்டை நேராக வாசிக்கமுடிகிறது, ஆகவே படம் சரி என்று நிரூபித்தேன். பிறகு, இலங்கையில் வீதியின் இடப்பக்கமாகவே வாகனம் ஓடுவது, அதனால் ஸ்ரியரிங் வலப்பக்கம் இருப்பது, அது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பது எல்லாவற்றையும் கால் மணித்தியாலம் விளக்கினேன். மீரா ஃபோனைப் பார்த்தபடி கேட்டாள். விளக்கம் முடிந்ததும் படிவத்துக்குத் திரும்பி, கடைசிப் பொத்தானை அழுத்தினேன்.

அந்தப் படிவத்தில் ஸ்ரியரிங் எந்தப் பக்கம் என்று கேட்கும் கட்டம் இல்லை. நோர்வேயில் அதை ஒருவரும் கேட்கத் தேவையில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதும் வழக்கம் எனக்கும் இல்லை.

3

கேபிள் தபாலில் வந்த கிழமை கண்ணன் ரொறன்ரோவிலிருந்து ஃபோன் எடுத்தான். மாமா, நீங்கள் போறபோது ஒரு உதவி செய்யவேணும் என்றான். உதவி இதுதான்: காரை விற்றுவிடுவது. அம்மாவுக்கு இந்த வயதில் கார் தேவையில்லை, ஓட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஒருநாளைக்கு ஏதும் நடந்தால் தான் இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் என்ன செய்வது. நெல்லியடியில் பழைய கார் சேர்க்கிற ஒருவரைத் தானே பிடித்து வைத்திருப்பதாகவும், நான் நேரில் நின்று அக்காவைச் சம்மதிக்கச் செய்தால் போதும் என்றும் சொன்னான். நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். கண்ணன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. எழுபத்திநான்கு வயதுப் பெண், நாற்பது வயதுக் கார். ஏதாவது நடந்தால், ஏன் தடுக்கவில்லை என்று ஒரு கேள்வி வரும். கேள்வி வரமுன்னரே பதிலைத் தாளில் எழுதிக் கோவையில் சேர்த்துவைப்பது என் தொழில் பழக்கம்.

அப்படியானால் கேபிளை ஏன் கொண்டுபோனேன்? அக்கா கேட்டார், வாங்கினேன், கொண்டுபோனேன். அது ஒரு கோவை. கண்ணன் கேட்டது இன்னொரு கோவை. ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு கோவைகள் ஒரே மேசையில் கிடப்பது அலுவலகத்தில் சாதாரணம். வீட்டில் அப்படி இல்லை என்பதை அக்காவின் முற்றத்தில்தான் கண்டேன்.

கார் அக்காவுக்கு என்ன என்பதையும் சொல்லவேண்டும். சாவகச்சேரி நீதிமன்றத்தில் அவருக்கு ஒரு காணி வழக்கு இருக்கிறது. அம்மாவின் சீதனக் காணி தென்மராட்சியில். பக்கத்துக் காணிக்காரர் எங்கள் ஒன்றுவிட்ட தம்பி. ஒவ்வொரு மாரியிலும் வேலி அடைக்கும்போது அவர் நடுகிற கதியால் தடிகள் எங்கள் பக்கமாக ஓரடி நடந்து வந்தன என்பது வழக்கு. பதினொரு வருடம். வழக்கு அழைக்கப்படும் ஒரு தவணையையும் அக்கா தவறவிட்டதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் தானே கார் ஓட்டிக்கொண்டு போய், எதிராளி பார்க்கக்கூடிய இடத்தில் நிறுத்துவார். பஸ்ஸில் போகலாமே என்று ஒருமுறை ஃபோனில் கேட்டேன். வழக்குக்காரி பஸ்ஸிலிருந்து இறங்கி வேர்வை துடைச்சுக்கொண்டு வந்தால் எதிராளிக்குப் பாதி வழக்கு வெண்ட மாதிரி என்றார். அடுத்த தவணை நான் ஊரில் நிற்கும் கிழமையில் வந்தது.

4

நான் போய்ச் சேர மூன்று நாள் முந்தியே கேபிள் முழுதாக அறுந்துவிட்டது. கிழமைக்கு ஓர் இழை என்ற கணக்கு கடைசியில் பிழையாகிப்போனது. இழை குறையக் குறைய மிஞ்சியதன்மேல் சுமை கூடும் என்பதை அக்கா சேர்த்துக்கொள்ளவில்லை. சுன்னாகம் சந்தையில் வைத்து அறுந்தது. கிளச் இல்லாத காரை முதலாம் கியரில் போட்டு, ஸ்ராட்டரை அடித்து, அந்தத் தள்ளலிலேயே எஞ்சினை எழுப்பி, கியர் மாற்றாமல் இரண்டு மைல் ஓட்டி வந்து கொட்டிலில் விட்டிருக்கிறார். வழியில் ஒரு மாட்டுக்காக நிறுத்தவேண்டி வந்ததாம். மாட்டுக்காரனிடம் மாட்டைத் தள்ளச் சொன்னேன், என்னாலை நிப்பாட்ட ஏலாது எண்டன் என்று சாதாரணமாகச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்த அடுத்தநாள் காலை மணி வந்தார். சுன்னாகம் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட சிறு கராஜ் வைத்திருப்பவர், அறுபதை நெருங்குகிறவர். ஒருகாலத்தில் அக்காவிடம் படித்தவர். ரீச்சர் எனக்குக் கணக்கிலை நாலு போட்டவ, நூறுக்கு, என்று என்னிடம் அறிமுகம் செய்துகொண்டார். அக்கா, மூண்டுதான், இரக்கப்பட்டு நாலாக்கினது என்றார்.

பெட்டியை நான்தான் திறந்து கொடுத்தேன். நோர்வேஜியன் மொழியில் அச்சிட்ட பெட்டி, முத்திரை, பொலித்தீன் உறை. மணி உறையை அவிழ்த்து, பழைய கேபிளையும் புதியதையும் சீமெந்துத் தரையில் பக்கம் பக்கமாக நீட்டி வைத்தார். வைத்துவிட்டுக் கையால் அளந்தார். புதியது ஒரு சாணும் நான்கு விரலும் குறைவு. நானும் பார்த்தேன். மற்ற முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், ஏதோ மடிந்து கிடக்கிறதுபோல.

மணிதான் மெதுவாகக் கேட்டார். “அண்ணை, அங்கை உங்கடை கார்களிலை ஸ்ரியரிங் எந்தப் பக்கம்?”

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. இடப்பக்கம் என்றேன்.

“ஓம். அப்ப அங்கை பெடல் கியர்ப்பெட்டிக்குக் கிட்ட. எங்கடையிலை பெடல் மற்றக் கரையிலை. கம்பி குறுக்காலை நடந்து வரவேணும்.” பிறகு, என்னைத் தேற்றுகிற குரலில், “சாமான் நல்ல சாமான் அண்ணை. உங்கடை ஊர்க் காருக்கு நல்ல வடிவாய்ப் பொருந்தும்” என்றார்.

அக்கா சிரிக்கத்தான் செய்தார். மீராவுக்கு நான் நடத்திய பாடத்தைச் சொன்னால் இன்னும் சிரிப்பார் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அந்த நேரம் வாசல் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம்.

வந்தவர் பழைய கார் சேர்க்கிற நெல்லியடிக்காரர். மிகவும் மரியாதையான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அக்காவைக் கும்பிட்டு, ரொறன்ரோவிலை இருந்து கண்ணன் தம்பி சொன்னவர், நோர்வேத் தம்பியார் வந்து எல்லாம் கதைச்சு வைச்சிருப்பார் எண்டவர், காரை ஒருக்காப் பாப்பமெண்டு வந்தனான் என்றார். கேபிள் போனது தெரியும், அது பரவாயில்லை, லொறியிலை ஏத்திக்கொண்டு போவம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

நான் அவருக்குச் சனிக்கிழமை என்று சொல்லியிருந்தேன். அதற்குமுன் அக்காவோடு ஆறுதலாகக் கதைக்கலாம் என்பது என் ஒழுங்கு. அவர் சுன்னாகத்துக்கு வேறு அலுவலாக வந்தவர், வந்த வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார். ஒழுங்குகள் இப்படித்தான் சாகின்றன, கெட்ட எண்ணத்தால் அல்ல.

அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், சீனி அளவு கேட்டுப் போட்டு. குடித்து முடியும்வரை அவருடைய பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு, உங்களுக்குப் பிழையான விலாசம் தந்திருக்கினம், இந்த வீட்டிலை விக்கிற கார் இல்லை என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த கேபிளைப் பார்த்தேன்.

படலை சாத்தியபின் அக்கா திரும்பி வந்து என் முன்னால் நின்றார். கோபத்தில் சத்தம் உயர்த்துகிறவர் அல்ல.

“இருபத்திரண்டு வருஷம் மற்றவன்ரை பிழையைப் பிடிச்சவன் நீ. உனக்குப் பிழை வருமே தம்பி?”

அக்கா, கேபிள் தெரியாமல் நடந்தது என்றேன்.

“கார் விக்கிறதும் தெரியாமலோ?”

நான் குனிந்து கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.

“காரை ஓடவிடாமல் வைச்சுக்கொண்டு விக்கிறது லேசு. அதுதான் குறைஞ்ச கேபிள். எனக்கு விளங்குது” என்றார். உள்ளே போனார். நான் ஊரில் நின்ற நாட்களில் அவர் என்னோடு நேரே பேசிய கடைசி வாக்கியம் அது.

5

எங்கள் பக்கத்தில் கதைபேச்சில்லை என்று ஒரு நிலை உண்டு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம். அவர்கள் சண்டை என்றால் சண்டை, சமாதானம் என்றால் சமாதானம் என்று நினைக்கிறார்கள். கதைபேச்சில்லாமை இரண்டும் அல்ல. அது எழுதப்படாத, ஆனால் மிகத் துல்லியமான சட்டம். கதைபேச்சில்லாதவருக்குச் சோறு போடலாம், போடவேண்டும். காய்ச்சல் என்றால் மருந்து வாங்கிக் கொடுக்கலாம். அவருடைய வீட்டுச் சாவுக்குக் கட்டாயம் போகவேண்டும், அழவும் வேண்டும். முகம் பார்த்து ஒரு சொல் மட்டும் சொல்லக்கூடாது. சொல்லவேண்டியது இருந்தால் மூன்றாம் ஆளுக்குச் சொல்லவேண்டும், மற்றவர் காதில் விழும்படி. நான் அறிய இந்தச் சட்டத்தின் கீழ் நாற்பது வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த சகோதரர்கள் உண்டு. மேன்முறையீட்டுக்கு இடமில்லாத ஒரே சட்டம் என்றும் சொல்லலாம்.

அக்கா அதை ஒரு பிசகும் இல்லாமல் நிறைவேற்றினார். மூன்று வேளையும் எனக்குப் பிடித்த கறிதான் வந்தது. மேசையில் வைத்து மூடிவிட்டுப் போய்விடுவார். எங்களுக்கு மூன்றாம் ஆளாக மணி வாய்த்தார்.

மணி கேபிளைத் தானே செய்வதாகச் சொன்னார். தவணைக்கு இன்னும் நான்கு நாள். கொழும்பில் தேடி எடுப்பிக்கக் குறைந்தது ஒரு கிழமை, அதுவும் கிடைத்தால். பழைய கேபிளின் வெளியுறை நல்ல உறை, அறுந்தது உள்ளே ஓடும் கம்பிதான் என்றார். உறையைக் கொட்டிலின் வளைமரத்தில் செங்குத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, மேல் வாயால் மண்ணெண்ணெய் ஊற்றினார். கீழ் வாயால் நாற்பது வருட ஊத்தை கறுப்பாக இறங்கியது. வெள்ளையாக இறங்கும்வரை ஊற்றினார். பிறகு எண்ணெய்.

உள்கம்பிக்கு இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் கிளச் கம்பி ஒன்று கொண்டுவந்தார். அது நீளம், தடிப்பும் சரி. சிக்கல் முனைகளில்தான். ஒரு முனையில் பெடலில் கொழுவி மாட்டும் குமிழ் வேண்டும். மறு முனையில் நட்டுப் பூட்டி இறுக்கவும் தளர்த்தவும் புரி வேண்டும். பழைய முனைகளை வெட்டியெடுத்து, உள்ளே கிடந்த அறுந்த கம்பியைத் துளைத்து அகற்றினார். புதுக் கம்பியை நுழைத்து, வெளியே வந்த நுனியின் இழைகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் விரித்தார். விரித்ததைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக் குழிக்குள் அமர்த்தி, ஈயம் உருக்கி ஊற்றினார். விரிக்காமல் ஊத்தினால் ஈயம் பிடிக்கும், ஆனால் ஒருநாள் வழுக்கிக்கொண்டு வந்திடும் அண்ணை, விரிச்சால் வராது என்றார். நான் விதிகளை அறிந்தவன். இந்த விதி எந்தக் கையேட்டிலும் இல்லை.

இவ்வளவும் நடக்கையில் அக்கா கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்தார். மற்றப் பக்கம் நான், ஒரு பழைய கார் ரயரில். நடுவில் மணி.

மணி, நோர்வேக் கேபிளின்ரை குமிழைப் பாவிக்கலாமோ எண்டு கேளும், அது புதுசு என்று நான் சொன்னேன்.

மணி நிமிர முன்னரே அக்கா, “மணி, அந்தப் பெட்டியிலை இருந்து ஒரு ஆணியும் என்ரை காருக்குள்ளை போகக்கூடாது” என்றார்.

மணி என்னைப் பார்த்து, அண்ணை, கேட்டதுதானே என்றார்.

இன்னொருமுறை நான், மணி, உது தெரியாமல் நடந்த பிழை எண்டு ரீச்சருக்குச் சொல்லும் என்றேன். மணி குறட்டைக் கீழே வைத்தார். “அண்ணை, நான் கணக்கிலை நாலு எடுத்தவன். என்னை உதுக்குள்ளை விடாதேங்கோ” என்றார். அக்கா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் கேபிள் பூட்டியாயிற்று. அக்கா ஏறி, பெடலை இருபது தரம் மிதித்துப் பார்த்தார். முந்தியதைவிடக் கொஞ்சம் வைரமாய் இருக்குது மணி என்றார். உழவு மெசின் கம்பி ரீச்சர், அது வயல் உழுதுகொண்டு போகும் என்றார் மணி.

6

தவணையன்று விடிய மழை. அக்கா மஞ்சள் கரை வைத்த சேலை கட்டி, வழக்குக் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினார். நான் கூடப் போக வெளிக்கிட்டு விறாந்தையில் நின்றேன். முன் ஆசனம் வெறுமையாக இருந்தது. கார் படலையைத் தாண்டிப் போனது. இதிலும் சட்டப் பிசகு ஒன்றும் இல்லை. கதைபேச்சில்லாதவரை வாகனத்தில் ஏற்றவேண்டும் என்று எங்கும் இல்லை.

நான் பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ஏ ஒன்பது வீதியால் சாவகச்சேரிக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்குத் தெளிவில்லை. வழியில் எங்காவது கார் ஓரமாக நிற்கும், பொனற் திறந்திருக்கும் என்று யன்னலால் பார்த்துக்கொண்டே போனேன் என்பது மட்டும் உண்மை. நிற்கவேண்டும் என்று விரும்பினேனா, நிற்கக்கூடாது என்று விரும்பினேனா? இரண்டையும் விரும்பக்கூடியவன்தான் நான். ஆனால் கைதடி தாண்டியும் வழியில் கார் இல்லை என்று கண்டபோது மூச்சு விட்டேன். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நீதிமன்றத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். வழக்குக் கூப்பிட்டார்கள். எதிராளியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லை. பங்குனிக்குத் தவணை போட்டார்கள். எல்லாம் ஐந்து நிமிடம். அக்கா எழுந்து, நீதிபதிக்குத் தலை குனிந்து, ஒன்றுவிட்ட தம்பியைத் தாண்டி, என்னையும் தாண்டி வெளியே போனார். கதைபேச்சில்லாத இரண்டு பேரைத் தாண்டிப் போவதற்கு ஒரு நடை இருக்கிறது. அவருக்கு அது நன்றாக வரும்.

பஸ் தரிப்பிடத்தில் நான் குடையோடு நின்றபோது கார் வந்தது. முன்னால் ஒரு லொறி நின்றதால் கார் எனக்கு நேரே நின்றது, பத்து அடியில். கண்ணாடியில் தண்ணீர்த்துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நேரே பார்த்தபடி இருந்தார். லொறி நகர்ந்தது. அவர் கிளச்சை விட்ட விதத்தில் கார் ஒரு துளியும் உதறவில்லை. முதலாம் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர், கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு சத்தம் மழையோடு கலந்துவிட்டது.

இரண்டு நாளில் எனக்குப் பயணம். அக்கா பொரிவிளாங்காயும் பருத்தித்துறை வடையும் கட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். விமான நிலையத்துக்குப் போக வான் வந்தபோது குசினிக்குள் நின்றார். அக்கா, போட்டு வாறன் என்றேன். பாத்திரம் கழுவும் சத்தம் நிற்கவில்லை.

7

நோர்வே வந்து முதல் செய்த வேலை கண்ணனுக்கு ஃபோன் எடுத்தது. கார் விற்பதில்லை, நான் அதிலிருந்து விலகுகிறேன், இனி ஆரையும் அனுப்பாதே என்றேன். ஏதும் நடந்தால் நீங்கள்தான் பொறுப்பு மாமா என்றான். ஓம், நான் பொறுப்பு என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வாக்கியத்தை நான் ஒரு கோவையிலும் எழுதியதில்லை.

பிறகு அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். ஃபோன் எடுத்தால் அவர் எடுக்கமாட்டார். எடுத்தால் சட்டம் முறிந்துவிடும். கடிதம் அனுப்பலாம். கடிதம் பேச்சல்ல.

முதல் கடிதம் ஒன்பது பக்கம் வந்தது. கடையின் படிவப் பிரதி, ஓடர் போட்ட நேரம், கட்டங்களின் விபரம், மீராவுக்கு நான் கொடுத்த விளக்கம், எல்லாம் இணைப்புகளாக. வாசித்துப் பார்த்தபோது அடையாளம் தெரிந்தது. பலகையைப் பனி மூடியிருந்தது என்று எழுதியவர்கள் எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள், இணைப்புகளோடு. மெய்யாகவே பலகையைக் காணாதவர்கள்தான் அதிகம் எழுதினார்கள் என்று இப்போது நினைக்கிறேன். பொய் சொன்னவர்கள் சுருக்கமாக எழுதினார்கள், தண்டத்தையும் கட்டிவிட்டார்கள். எத்தனை பேருக்குக் கூடாது என்று எழுதினேன் என்பதை எண்ணிப் பார்க்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாம் கடிதம் அரைப் பக்கம். காரை விற்கச் சம்மதித்தது நான் அறிந்து செய்தது, உங்களைக் கேளாமல் செய்தது, அதற்கு மன்னிக்கவேண்டும். கேபிள் குறைந்தது நான் அறியாமல் நடந்தது, அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நம்பும்படி கேட்கிறேன். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவேண்டாம். அவ்வளவுதான். தபாலில் போட்டபோது கார்த்திகை நடுப்பகுதி.

கார்த்திகை போனது. மார்கழியில் இங்கே மூன்று மணிக்கே இருண்டுவிடும். தபால்பெட்டிக்குத் தினமும் போனேன். நகரசபைக் கடிதங்கள், ஒரு வாழ்த்து அட்டை. ஒரு ஞாயிறு மீரா வந்து, மாமி இன்னும் பதில் போடவில்லையா என்று கேட்டாள். அவளாகவே ஊரைப்பற்றி ஒன்று கேட்டது அதுதான் முதல் தரம். எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன், கால் மணித்தியாலப் பாடத்தையும் சேர்த்து. அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு, மாமி நம்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றாள். ஒன்றும் செய்யமுடியாது, நம்புவது அவவின் அலுவல் என்றேன்.

பதில் வந்தது. கோடு போட்ட கொப்பித் தாள், சரிவில்லாத எழுத்து, ஒரு பக்கம்.

“தம்பிக்கு,

மணியின் கேபிள் இதுவரை நிற்கிறது. உன் இரண்டாவது விசயத்தை யோசித்துப் பார்த்தேன். நீ களவாகச் செய்வதென்றால் சரியான கேபிளை வாங்கி, பெட்டி வழியில் தொலைந்துவிட்டது என்று வெறுங்கையோடு வந்திருப்பாய். கடிதங்களும் காட்டியிருப்பாய். பிழையான கேபிளை நாற்பது உறையில் சுற்றிக் கொண்டுவந்து, மணியின் முன்னால் நீயே திறந்து காட்டியிருக்கமாட்டாய். உன் கெட்டித்தனத்துக்கு அது பொருந்தாது. ஆகவே தெரியாமல்தான் நடந்திருக்கவேண்டும். கணக்கு அப்படித்தான் வருகிறது, நான் இரண்டுதரம் செய்து பார்த்தேன்.

முதலாவது விசயம் அப்படியேதான் இருக்கிறது. அதைக் கடிதத்தில் தீர்க்க ஏலாது. பங்குனித் தவணைக்கு வா. முன் ஆசனத்தில் இருந்து கதைத்துக்கொண்டு போவம்.

அக்கா.”

மீராவுக்கு ஃபோன் எடுத்து, நோர்வேஜியனில் மொழிபெயர்க்காமல், உள்ளபடியே வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முழுவதும் விளங்கியது. கடிதம் கிடைத்தது தை மாதம் இருபத்திரண்டாம் திகதி, வியாழக்கிழமை.